கேஸ்கெட்டுக்கு இட்ட பொட்டு

என் பெரியப்பா மகன் மாந்தோப்புப் பாதையில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிய அன்றே, அவனை எப்படி அழவைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். யோசிக்க எனக்கு நேரம் நிறைய. சித்தூரில் மைக் செட்டும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுகிறவன் நான். பந்தலைப் போட்டுவிட்டால் அதைப் பிரிக்கும்வரை உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பதுதான் வேலை. அவன் வயதில் மூத்தவன். நேரில் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் அந்த மரியாதை கிடைக்காது.

கதவுக்குக் காரணம் ஒரு மாடு. அவனுடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பசுவை உள்ளே ஓட்டினார்கள். அது வாசற்படியில் நின்றுகொண்டு நகர மறுத்தது. ஐயர் தட்டினார், அவன் மனைவி அகத்திக்கீரை காட்டினாள், நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மைக் என் கையில் இருந்தது. "மாட்டைக் குத்தம் சொல்லாதீங்க, அது வீட்டுக்காரரைப் பாத்துட்டு யோசிக்குது" என்றேன். பந்தல் முழுக்கச் சிரித்தது, ஐயர் உட்பட. அது நல்ல ஜோக். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்வேட்டிநகரத்தைத் தாண்டி, மலைச்சரிவில் எங்கள் தாத்தாவின் தோப்பு. பிரிந்தபோது ரோட்டோரக் கீழ்ப்பாதி பெரியப்பாவுக்கும் மேல்பாதி என் நைனாவுக்கும் வந்தது. மேலே போகும் வண்டிப்பாதை அவன் பாகத்தின் நடுவே போகிறது. இத்தனை வருடம் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு போனதில்லை. மாட்டு ஜோக்குக்கு அடுத்த வாரம், இரண்டு பாகமும் சேரும் எல்லையில் கதவு வந்தது. "வூட்டாண்ட வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், சாவி குடுக்கறேன்" என்று டீக்கடையில் சொல்லி வைத்தான். கேட்பது என்றால் அந்தப் புது வீட்டுக்குள் போய், அந்தப் புது சோபாவில் உட்கார்ந்து, அவன் கொடுக்கும் காபியைக் குடித்து, அவன் மாட்டைப் பற்றிப் பேச்சை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மாடு நுழைய யோசித்த வீட்டுக்குள் நான் நுழைவதா?

இன்னொரு வழி இருந்தது. தோப்பின் மறுபக்கம் ஒரு காய்ந்த ஓடை, மேலிருந்து நேராக ரோட்டுக்கு இறங்கும். வழி முழுக்க ஆட்டுக்குட்டி அளவிலும் ஆடு அளவிலும் பாறைகள். டிராக்டர் அதில் கவிழும். ஆனால் என்னிடம் மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட பழைய லாரி இருந்தது. ஷாமியானாக் கம்பிகள் ஏற்ற வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும். மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போக அதில் ஒரு கியர் உண்டு. வாங்கிய நாளில் அதைப் பார்த்து, "சண்டைக்குப் போறியா?" என்று கேட்டவன் இதே பங்காளி.

போகத்தான் போகிறேன் என்று இருந்தேன். மேல்தோப்பின் தோத்தாபுரி மாங்காய் முழுவதையும், அவன் கதவைத் தொடாமல், அவன் கண்ணெதிரில், அந்த ஓடை வழியாக இறக்க வேண்டும். ஜூஸ் பேக்டரியில் டோக்கன் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் சரக்கு போக வேண்டும். இறங்கினால் என் மானம் தங்கும், அவனுடையது போகும். இறங்காவிட்டால் காய் பழுத்து மரத்தடியில் அழுகும், நான் சோபாவில் உட்கார வேண்டியிருக்கும்.

சித்தூரிலிருந்து லாரியை ஓட்டிக்கொண்டு போனேன். சூடு காட்டும் முள் வெகுநேரமாகச் சிவப்பில் நின்றது. அந்த வண்டியில் எந்த முள்ளும் உண்மை பேசியதில்லை என்பதால் நான் அதை நம்பவில்லை. கார்வேட்டிநகரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது முன்பக்கம் முழுக்க வெள்ளையாகப் புகைந்தது. நான் "நெருப்பு, நெருப்பு" என்று கத்திக்கொண்டு குதித்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை. கையில் நிறைந்த தண்ணீர் கேன் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வண்டியை விட்டுத் தூரமாக ஓடினேன். நெருப்பை அணைக்க உதவும் ஒரே பொருளை நெருப்பிலிருந்து காப்பாற்றிய ஆள் நான்தான். அது நெருப்புமில்லை, ரேடியேட்டர் தண்ணீர் ஆவியாகப் போனது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் போய் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

டீக்கடையில் பங்காளி இருந்தான். போனை நீட்டிப் பிடித்திருந்தான். மத்தியானத்துக்குள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் நான் வேட்டியை ஒரு கையிலும் கேனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். கீழே, "நம்ம ஜவான் போர்முனையில்" என்று எழுதியிருந்தான்.

என் மனைவி நகரியில் பவர்லூம் ஓட்டும் வீட்டுப் பெண். அவள் பஸ் ஏறி நான் நின்ற இடத்துக்கே வந்து, அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தாள், திரும்ப ஒரு தடவை பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் அண்ணன் போன் செய்து பேச முடியாமல் சிரித்தாராம், பின்னால் தறிகள்கூட நின்றிருந்தனவாம். இதைச் சொல்லிவிட்டு, "வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டாள். என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோபம் என்னைத் தாண்டிப் பங்காளி பக்கம் போய்விட்டிருந்தது.

ஒரு டிராக்டர்காரர் வண்டியைக் கட்டி இழுத்து, ஓடைக்குக் கீழே ரோட்டோரப் புளியமரத்தடியில் விட்டார். ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன். கறுப்பாக வரவேண்டியது பால் கலந்த காபி நிறத்தில் நுரையோடு வந்தது. தண்ணீர் ஆயிலுக்குள் போய்விட்டது, ஹெட் கேஸ்கெட் போச்சு என்று அர்த்தம். எஞ்சின் அடிப்பாகத்துக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் செம்புத் தகடு அது. அது எரிந்தால் உள்ளே இருக்கும் சூடு, தண்ணீர், ஆயில் எல்லாம் எங்கள் குடும்பம் மாதிரி ஒன்றன் எல்லைக்குள் ஒன்று போய்விடும்.

மாங்காய் சீசன். எந்த மெக்கானிக்கும் பத்து நாளைக்குக் கிடைக்கமாட்டான் என்று போன் செய்த எல்லா இடத்திலும் சொன்னார்கள். மீசை முளைத்த வயதில் ரேணிகுண்டாவில் ஒரு லாரி ஷெட்டில் கொஞ்ச காலம் ஸ்பானர் பிடித்தவன் நான். அந்தத் தைரியத்தில் நாமே கழற்றலாம் என்றேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மொதல்ல எத்தக் கயட்டணும்?" என்றாள்.

தண்ணீரை வடித்தோம். குழாய்களை, ஹெட்டின் மேலிருந்த தகர மூடியை, அதனடியில் வால்வுகளைத் தட்டும் ராக்கரைக் கழற்றினோம். உள்ளே இருந்த தள்ளுகம்பிகள் வரிசை மாறக்கூடாது என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தாள். ஹெட் போல்ட்டுகள் அசையவில்லை. இரும்புக் குழாயை ஸ்பானரில் செருகி இரண்டு பேரும் தொங்கினோம். முதல் போல்ட் விட்டபோது வந்த சத்தத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்று நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் போல்ட்டை எடுத்துக் காட்டினாள்.

சாயங்காலம் பங்காளி ஸ்கூட்டரில் வந்தான். இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

"இன்னா தம்பி, ஆவுமா? ஆவலன்னா சொல்லு. பழைய இரும்பு எடுக்கறவரு எனக்குத் தெரிஞ்சவருதான். வண்டியோட உன்னையும் சேத்து எடுத்துக்குவாரு."

எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. கையில் இருந்த நட்டு நழுவி எஞ்சினுக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் அந்த நாக்கு அப்படியே உள்ளே போய்விட்டது. என் மனைவிதான் திரும்பாமலே சொன்னாள். "ஆவும் மாமா. நீங்க போன சார்ஜ் போட்டு வெச்சிக்குங்க."

புளியங்கிளையில் செயின் பிளாக் மாட்டி ஹெட்டைத் தூக்கினோம். பிசின் பிரிவதுபோல் ஒரு சத்தத்தோடு கிளம்பி மேலே தொங்கியது. கேஸ்கெட் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கருகி, ஒரு நகம் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. இத்தனை பெரிய வண்டியை இத்தனை சின்னச் சந்து படுக்கவைத்துவிட்டது. எனக்கு அந்தச் சந்தின்மேல் ஒரு மரியாதை வந்தது. பங்காளியிடம் அப்படி ஒரு சந்து எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றியது.

மறுநாள் ஹெட்டைப் பழைய கம்பளியில் சுற்றிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரேணிகுண்டா லேத்துக்குப் புறப்பட்டோம். சூடானதில் அடிப்பக்கம் வளைந்திருக்கும், சீவி மட்டமாக்க வேண்டும். அவள் பின்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடாமல் கையால் அணைத்துக்கொண்டாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன புத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கம்பளி மூட்டையையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு ஒருவர் ஓடிவந்தார். "எலும்பு முறிவா? கட்டு கட்ற எடம் அந்தாண்டமா. நேரா போயி சோத்துக்கைப் பக்கம் திரும்பு" என்றார். இன்னொருவர் கம்பளியைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சில்லென்று இருக்கிறதே என்று பதறினார். முறிந்தவரின் பெயரைக் கேட்டார்கள். நான் பங்காளியின் பெயரைச் சொன்னேன். அந்த வாரத்தில் எனக்கு வயிறு நிறைந்த ஒரே நேரம் அது.

ஹெட்டை லேத்தில் விட்டுவிட்டு, திருப்பதியில் பழைய ஸ்பேர்ஸ் விற்கும் ஒரு சந்துக்கடைக்குப் போனோம். எங்கள் வண்டி கேஸ்கெட் இருந்தது. "ரெண்டு உன்னாயி அன்னா, ரெண்டூ தீஸ்கோ" என்று இருந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். ஒரு எஞ்சினுக்கு ஒரு ஹெட்தானே, ஒக்கட்டி சாலு, ஒன்று போதும் என்றேன். இரண்டு தடவை தப்பு செய்கிற ஆள் மாதிரியா தெரிகிறேன் என்றும் கேட்டேன். அவர் மிச்சம் ஒன்றைத் தூசு தட்டினார்.

திரும்பி வந்து பொருத்தத் தொடங்கியபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புதுப் பொருள் எது வீட்டுக்கு வந்தாலும், கிரைண்டரோ பீரோவோ செல்போன் பெட்டியோ, மஞ்சள் குங்குமம் வைக்காமல் நாங்கள் தொடுவதில்லை. அவள் வண்டி முகப்பில் ஒரு பொட்டு வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் பயம். எந்த இடத்தில் தகராறோ அந்த இடத்தில்தானே சாமி இருக்க வேண்டும் என்று பட்டது. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, கேஸ்கெட்டில் இரண்டாவது மூன்றாவது ஓட்டைகளுக்கு நடுவே, பழையது எரிந்த அதே இடத்தில், நல்ல கனமாக ஒன்று வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

"உள்ளாற போவப்போறத யாருயா பாக்கப்போறாங்க?" என்றாள்.

"பாக்கறவரு பாப்பாரு" என்றேன்.

ஹெட்டை இறக்கி போல்ட்டுகளை முடுக்கினேன். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் போக வேண்டும், ஒரே மூச்சில் இல்லாமல் சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். அது எனக்கு வசதியாக இருந்தது. நடு போல்ட்டை இரும்புக் கதவுக்காக இறுக்கினேன். பக்கத்தில் இருந்ததைப் பூட்டுக்காக. எதிரில் இருந்ததை வீடியோவுக்காக. ஓரத்துக்குப் போகப் போக சின்ன வயதில் அவன் என் கோலியைப் பிடுங்கியது, என் கல்யாணத்தில் வந்து ரசத்தைக் குறை சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. இன்னும் நாலு போல்ட் இருந்திருந்தால் பெரியப்பாவையும் சேர்த்திருப்பேன்.

ஸ்டார்ட் செய்தோம். நின்று நின்று பிடித்தது. நான் ஆடினேன் என்று அவள் பிற்பாடு சொன்னாள், எனக்கு நினைவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்திருந்தோம். கொஞ்ச நேரம் தண்ணீர் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு குமிழி வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் உலைபோல் கொப்பளித்து வெளியே வழிந்தது. கேஸ்கெட் திரும்பவும் விட்டுவிட்டது.

நான் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மேல்தோப்பிலிருந்து காய் விழும் சத்தம் கீழேவரை கேட்பதாகத் தோன்றியது. அது கேட்காது, அவ்வளவு தூரம். ஆனால் எனக்குக் கேட்டது. மனசுக்குள் வாசகம் தயாரித்தேன். அண்ணா, அன்னிக்கு மாடு யோசிச்சது உங்களைப் பார்த்து இல்ல, வாசக்கால் உயரத்தைப் பார்த்து. இதையே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கண்கூடக் கலங்கியது. நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

அவள் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"போ. ஆனா அவரு வூட்டு காபியத் துன்னுட்டு வந்த வாயால எங்கிட்டப் பேசாதே."

காபியைத் தின்ன முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து போல்ட்டுகளைத் திரும்பக் கழற்றினேன்.

ஹெட் மேலே போனதும் தெரிந்தது. என் பொட்டு இருந்த இடத்தில் மஞ்சள் வெந்து கறுத்து ஒரு மிளகளவு பொருக்காக நின்றது. ஹெட் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததால் பக்கத்தில் தகட்டோடு படியாமல் இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாகத்தான் எல்லாம் வெளியே வந்திருக்கிறது. சாமிமேல் ஒரு குற்றமும் இல்லை. மஞ்சளின் கனம்தான் காரணம். அவள் பொருக்கை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தாள்.

திருப்பதிக்கு நான் மட்டும் பஸ்ஸில் போனேன். கடைக்காரரிடம் சொல்ல வழியெல்லாம் ஒரு கதை கட்டினேன். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கேஸ்கெட் மேசைமேல் தயாராக இருந்தது.

இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் பெட்ரோல் விட்டுத் துடைத்து, பழைய காட்டன் புடவைத் துணியால் துடைத்து, விரல் வைத்து இழுத்துப் பார்த்தோம். கேஸ்கெட்டைத் தொடுவதற்கு முன் என்னைச் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தாள். குங்குமச் சிமிழை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். அங்கே கசிந்தால் வண்டிக்கு நஷ்டமில்லை என்றாள். போல்ட் முடுக்கும்போது நான் யாரையும் நினைக்கவில்லை, எண்ணி எண்ணி வரிசையாக இறுக்கினேன். பக்கத்தில் அவள் உதடு அசைவது தெரிந்தது. அவள் யாரை நினைத்தாள் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்த நேரத்தில் வண்டி உறுமியது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. சூடேறியதும் நிறுத்தி, ஆறவிட்டு, போல்ட்டுகளை இன்னொரு சுற்று இறுக்கினேன். ஆயிலை மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குச்சியை உருவிப் பார்த்தேன். கறுப்பு. இவ்வளவு அழகான கறுப்பை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை விடிந்ததும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, காலி வண்டியை ஓடைவழி மேலே ஏற்றினேன். ஒவ்வொரு பாறைக்கும் என் உயிர் ஒரு தடவை போய் வந்தது. மேலே பறிக்கிற ஆட்கள் காத்திருந்தார்கள். வண்டி நிறையத் தோத்தாபுரி. ஏற்றி முடித்துக் கிளம்பி, பாதை ஓடைக்கும் கதவுக்குமாக இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தபோது பிரேக்கை மிதித்தேன்.

இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது.

பங்காளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டிச் சத்தம் கேட்டு வந்திருப்பான். பின்னால் டீக்கடை ஆட்கள் சிலர். அவர்கள் காதில் விழும்படி உரக்கச் சொன்னான். "வா தம்பி, வா. தொறந்துதானே கீது. நான் இன்னா அந்நியனா? லோடு வண்டிய கல்லுல எறக்கி உசுர விடாதே. உன் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அந்த நல்ல மனசைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. இதைவிடக் கேவலமாக ஒருவன் என்னைத் தோற்கடிக்க முடியாது. அந்தக் கதவு வழியாக நான் போனால், ஜன்மத்துக்கும் அவன் வழி விட்டவன், நான் வழி வாங்கினவன். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் சொல்கிறேன், என் கை ஸ்டீரிங்கை அவன் பக்கம்தான் திருப்பியது. லோடோடு அந்த ஓடையில் இறங்குவதை நினைத்தபோதே என் கால் பிரேக்கை இன்னும் அழுத்தியது. பழி என்பது மேடான இடத்தில் நின்று யோசிக்கும்போது நன்றாக இருக்கும். இறக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறது.

"அந்தாண்ட திருப்பு" என்றாள் என் மனைவி.

"தொறந்து கீதேடி."

"நாம கேட்டமா?"

கேட்கவில்லை. நான் ஸ்டீரிங்கை ஓடைப்பக்கம் திருப்பினேன். அந்த மெதுவான கியரைப் போட்டு, பிரேக்கை விட்டேன்.

இறங்கியதை வீரமாகச் சொல்ல ஆசை. உண்மையில் பாதி வழி நான் "ஐயோ ஐயோ" என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தேன். அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ரைட்ல கல்லு, இன்னும் கொஞ்சம் லெப்ட்ல புடி" என்று நகரி பஸ் கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பின்னாலிருந்து காய்கள் பொலபொலவென்று கொட்டின. நான் கதவைத் திறந்து குதிக்கப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வண்டி யோசித்தது, பிறகு நேரானது. கீழே ரோட்டில் முன்சக்கரம் பட்டபோது முள் நடுவில் நின்றது. முதல் தடவையாக அந்த முள்ளை நம்பினேன்.

மேலே திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். டீக்கடை ஆட்களில் ஒருவர் ஓடையில் சிதறிய காயைப் பொறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்டரியில் இறக்கிவிட்டு இரண்டாவது லோடுக்கு வந்தோம். அப்போதும் கதவு திறந்திருந்தது, அவன் மர நிழலில் உட்கார்ந்திருந்தான். ஓடையில் ஏறினோம், ஓடையில் இறங்கினோம். கூப்பிட வாயெடுத்தான். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை, கேட்காதபடி ஆக்சிலேட்டரை மிதித்திருந்தேன்.

கடைசி லோடு இறங்கும்போது கதவு சாத்தியிருந்தது. பூட்டு போடவில்லை. அவனும் இல்லை. என் மனைவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதில் ஒரு பாறையைக் கவனிக்காமல் அதன்மேல் ஏறி இறங்கி, அவளிடம் திட்டு வாங்கினேன். அந்தத் திட்டும் இனித்தது.